சுடுதண்ணிக்குள்ள ஐஸ் போட்டா கடைசியில எத்தனை டிகிரி வரும்? கணக்குப் போடுற விதம்

ஐஸ் கணக்கு எண்டாலே எங்கட ஏஎல் (உயர்தர) பிள்ளையள் முதல்ல செய்யிற வேலை என்னெண்டா, இழந்த வெப்பம் சமன் பெற்ற வெப்பம் எண்டு ஒரு நீட்டுச் சமன்பாட்டை எழுதி, கடைசி வெப்பநிலைக்கு ஒரு எழுத்தைப் போட்டிட்டு உடன கல்குலேற்றரைத் தூக்கிறதுதான். சில கணக்குக்கு அது சரியா வரும். சில கணக்குக்கு தண்ணி மைனஸ் ஆறரை டிகிரி எண்டு வரும், அதையும் யோசிக்காம ரெண்டு தசமதானத்துக்கு எழுதி அடியில கோடும் போட்டு வைப்பினம். சமன்பாட்டில பிழை இல்லை, கேள்வி கேட்ட வரிசைதான் பிழை. கடைசியில எத்தனை டிகிரி எண்டது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, போட்ட ஐஸ் முழுக்க உருகுமா உருகாதா எண்டது. இதை முதல்ல தீர்த்திட்டா மிச்சம் அஞ்சாம் வகுப்புக் கணக்கு.

தேவையான எண் மூண்டுதான். தண்ணியின்ர தன்வெப்பக் கொள்ளளவு, ஒரு கிராமுக்கு 4.2 யூல், அதாவது ஒரு கிராம் தண்ணியை ஒரு டிகிரி கூட்டவோ குறைக்கவோ 4.2 யூல். ஐஸுக்கு அது அரைவாசி, 2.1 யூல். மூண்டாவதுதான் பெரிய ஆள், உருகலின் தன்மறை வெப்பம், ஒரு கிராம் ஐஸை 0 டிகிரியில வைச்சே 0 டிகிரித் தண்ணியாக்க 334 யூல். புத்தகத்தில கிலோகிராமில இருக்கும், 4,200, 2,100, 3,34,000 எண்டு. வினாத்தாளில சிலவேளை 3,36,000 எண்டும் குடுப்பாங்கள், தந்ததைப் பாவியுங்கோ, சண்டை பிடிக்காதேங்கோ. வீட்டில செய்து பாக்கிறதுக்கு கிராம்தான் வசதி எண்டபடியா நான் கீழ முழுக்க கிராமிலயே போறன்.

அந்த 334ஐக் கொஞ்சம் நிண்டு பாருங்கோ. 334ஐ 4.2ஆல பிரிச்சா ஏறக்குறைய 80 வரும். ஒரு கிராம் ஐஸை வெறுமனே உருக்க எடுக்கிற வெப்பம், அதே ஒரு கிராம் தண்ணியை 0 டிகிரியில இருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகக் காணும். அவ்வளவு வெப்பத்தையும் விழுங்கிப்போட்டு ஐஸ் ஒரு டிகிரி கூட ஏறாது, உள்ள இருக்கிற மூலக்கூறுகள் ஒண்டையொண்டு பிடிச்சிருக்கிற பிணைப்பைத் தளர்த்துறதுக்கே முழுக்கச் செலவாகிடும். இதை முதல் முதல் கணக்காப் பிடிச்ச ஆள் ஸ்கொட்லாந்துக்காரன் ஜோசப் பிளாக், 1760களின்ர தொடக்கத்தில, கிளாஸ்கோவில. ரெண்டு கண்ணாடிப் பாத்திரத்தில ஒரே அளவு, ஒண்டில ஐஸ் மற்றதில ஐஸ் மாதிரிக் குளிர்ந்த தண்ணி, ரெண்டையும் ஒரே மண்டபத்தில வைச்சு விட்டவர். தண்ணி அரை மணித்தியாலத்தில ஏறின வெப்பநிலைக்கு ஐஸ் உருகி வந்து சேர பத்தரை மணித்தியாலம் எடுத்திருக்கு. இருபத்தொரு மடங்கு நேரம். அவரிட்ட இருந்த சாமானுக்கு அவர் எடுத்த விடை இண்டைக்கு நாங்கள் சொல்லுற 80க்கு நல்லாக் கிட்ட. ஐஸ் போட்டா ஏன் சர்பத் உடன குளிருது, அதே அளவு ஐஸ்தண்ணியை ஊத்தினா ஏன் அவ்வளவு குளிராது எண்டதுக்கும் இந்த 80தான் காரணம்.

சரி கணக்குக்கு வருவம். தண்ணி எங்க இருந்து எடுப்பம்? எங்கட திருகோணமலையில சுடவைக்காமலே சுடுதண்ணி கிடக்கு. அனுராதபுர றோட்டால போய் உள்ள திரும்பினா கன்னியா, ஏழு சின்னக் கிணறு, இராவணன் தன்ர தாய்க்குக் கருமம் செய்யக் குத்தின இடமெண்டு கதை. ஒவ்வொரு கிணறும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாச் சுடும், பொதுவா 40 டிகிரிக்கு அக்கம்பக்கம். அதில 200 கிராம் தண்ணி 40 டிகிரியில இருக்கு எண்டு வையுங்கோ, ஒரு கிளாஸ் தண்ணி. அதுக்குள்ள 0 டிகிரியில இருக்கிற ஐஸ் 50 கிராம் போடுறம்.

முதல் வேலை, தண்ணியின்ர கையிருப்பு எவ்வளவு எண்டு பாக்கிறது. தண்ணி 40இல இருந்து 0 வரைக்கும் முழுக்கக் குளிர்ந்தா எவ்வளவு வெப்பம் குடுக்கும்:

200 × 4.2 × 40 = 33,600 யூல்

இது காசு மாதிரி, தண்ணியிட்ட இருக்கிற முழுக் காசும் இவ்வளவுதான், இதுக்கு மேல ஐஸுக்குக் குடுக்க அதிட்ட இல்லை. இனி ஐஸ் முழுக்க உருக எவ்வளவு கேக்கும்:

50 × 334 = 16,700 யூல்

கையில 33,600, கேக்கிறது 16,700. தாராளமாக் காணும், ஐஸ் முழுக்க உருகும். முதல் கேள்வி முடிஞ்சுது. மிச்சம் 33,600 − 16,700 = 16,900 யூல். இப்ப பாத்திரத்துக்குள்ள என்ன இருக்கு எண்டு நினைச்சுப் பாருங்கோ, 0 டிகிரியில 250 கிராம் தண்ணி, அதோட செலவழியாத 16,900 யூல். அந்த மிச்சத்தை முழுத் தண்ணிக்கும் பிரிச்சுக் குடுக்கிறம்:

16,900 ÷ (250 × 4.2) = 16,900 ÷ 1,050 = 16.1 டிகிரி

அவ்வளவுதான். தண்ணி உண்மையில 0க்கு இறங்கித் திரும்ப ஏறேல்லைதான், நேராத்தான் 16.1க்கு வந்தது, ஆனா வெப்பக் கணக்குக்குப் போன பாதை முக்கியமில்லை, தொடங்கின இடமும் முடிஞ்ச இடமும்தான் முக்கியம். அதால நாங்கள் வசதியான பாதையால போறம். இதைச் சில சேர்மார் ஒத்துக்கொள்ளமாட்டினம், நீட்டுச் சமன்பாடுதான் வேணும் எண்டுவினம், பரீட்சையில அதையே எழுதுங்கோ, ஆனா ஓரத்தில இந்தக் கையிருப்பை ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு எழுதுங்கோ.

பிறீசரில இருந்து நேர எடுத்த ஐஸ் எண்டா 0 டிகிரி இல்லை. வீட்டு பிறீசர் வழக்கமா மைனஸ் 18இல கிடக்கும். அந்த ஐஸ் உருகத் தொடங்க முதல் 0 வரைக்கும் ஏற வேணும், அதுக்கும் தண்ணிதான் குடுக்கோணும்:

50 × 2.1 × 18 = 1,890 யூல்

ஐஸ் கேக்கிறது இப்ப 16,700 + 1,890 = 18,590. மிச்சம் 15,010. 1,050ஆல பிரிச்சா 14.3 டிகிரி. பாத்தீங்களே, மைனஸ் 18 எண்டு பெரிசாத் தெரிஞ்சாலும் அதால வந்த வித்தியாசம் ரெண்டு டிகிரிக்கும் குறைய. உருகிறதுதான் பெரிய செலவு, குளிர்ந்த ஐஸை 0க்குக் கொண்டுவாறது சில்லறை. பிள்ளையள் வழக்கமா இதைத்தான் விட்டுப்போட்டுப் போறது, விட்டாலும் விடை கிட்டத்தட்ட வருமெண்டதால ஆருக்கும் பிழை தெரியிறதில்லை, மாக்ஸ் மட்டும் போகும்.

இனி மைனஸ் விடை வாற கணக்கைப் பாப்பம். கன்னியாத் தண்ணி இல்லை, வீட்டு ராங்கித் தண்ணி, 30 டிகிரி, எங்கட வெக்கைக்கு அதுதான் சாதாரணத் தண்ணி. அதில 200 கிராம். ஐஸ் 100 கிராம், 0 டிகிரி.

கையிருப்பு 200 × 4.2 × 30 = 25,200. ஐஸ் கேக்கிறது 100 × 334 = 33,400. காணாது! இந்த இடத்தில நிக்கோணும். நிக்காம 25,200இல இருந்து 33,400ஐக் கழிச்சு 300 × 4.2ஆல பிரிச்சா மைனஸ் 6.5 டிகிரித் தண்ணி வரும், அப்பிடி ஒரு தண்ணி கிளாஸுக்குள்ள இல்லை. நடக்கிறது என்னெண்டா, தண்ணி தன்ர முழுக் கையிருப்பையும் குடுத்து 0 டிகிரிக்கு வந்திடும், அந்தக் காசுக்கு எவ்வளவு ஐஸ் உருகுமோ அவ்வளவுதான் உருகும்:

25,200 ÷ 334 = 75.4 கிராம்

100 கிராமில 75.4 உருகி, 24.6 கிராம் ஐஸாவே மிதக்கும். கடைசி வெப்பநிலை 0. தண்ணியும் ஐஸும் ஒண்டா, நல்லாக் கலந்து இருந்தா வேற வெப்பநிலை கிடையாது, அதால இப்பிடியான கணக்கில கேள்வி எத்தனை டிகிரி எண்டு இருக்காது, எவ்வளவு ஐஸ் மிஞ்சும் எண்டுதான் கேப்பாங்கள். கேள்வி டிகிரியைக் கேட்டிருந்தா, 0 எண்டு எழுதி ஏனெண்ட காரணத்தையும் ஒரு வரியில எழுதுங்கோ.

இன்னொரு கேஸும் இருக்கு, குறையத்தான் வரும், ஆனா வந்தா எல்லாரும் தடுமாறுறது. 10 டிகிரித் தண்ணி 50 கிராம் மட்டும், பிறீசர் ஐஸ் மைனஸ் 18இல 200 கிராம். கையிருப்பு 2,100 யூல். ஐஸ் 0க்கு வரவே 7,560 கேக்குது, உருகிற கதையே இல்லை. குறையிற 5,460 யூலைத் தண்ணி எப்பிடிக் குடுக்கும்? தான் உறைஞ்சு குடுக்கும். 5,460 ÷ 334 = 16.3 கிராம் தண்ணி ஐஸாகும், கடைசியில ஐஸ் 216.3, தண்ணி 33.7, ரெண்டும் 0 டிகிரியில. பிறீசரில இருந்து எடுத்த உடன ஈரக்கையால தொட்டா ஐஸ் விரலோட ஒட்டுதே, அதுவும் இதே விசயம்தான்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்லுறன், எங்கட அப்பாமார் காலத்துப் புத்தகத்தில கலோரியில செய்த கணக்கு. தண்ணிக்கு 1, ஐஸுக்கு அரை, உருகலுக்கு 80. கன்னியாக் கணக்கு அதில: 200 × 40 = 8,000, அதில 50 × 80 = 4,000 கழிச்சா 4,000, 250ஆல பிரிச்சா 16. மனக்கணக்காவே வந்திட்டுது, 16.1க்கும் 16க்கும் தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்கு வித்தியாசம் தெரியப்போறதில்லை. கல்குலேற்றரில வந்த விடை சரியோ எண்டு பாக்க இதைவிட நல்ல வழி இல்லை. பல்தேர்வு வினாத்தாளில வினாடிக்கணக்கில விடை வேணும் எண்டா இதாலயே தெரிஞ்செடுக்கலாம்.

இவ்வளவும் கடுதாசிக் கணக்கு. வீட்டில உண்மையா ஒரு கப்பில செய்து பாத்தா 16.1 வராது. ஏன் வராது எண்டதுதான் எனக்கு இதில பிடிச்ச பகுதி, பிரக்டிக்கலில கேக்கிற கேள்வியெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.

முதலாவது, கப். தண்ணி 40இல இருந்தா கப்பும் 40இல இருக்கு, அதுவும் குளிரோணும், அதுவும் வெப்பம் குடுக்கும். 100 கிராம் சில்வர் கப் எண்டு வையுங்கோ, எவர்சில்வருக்குக் கிராமுக்கு அரை யூல், ஆக முழுக் கப்புக்கும் டிகிரிக்கு 50 யூல், கிட்டத்தட்ட 12 கிராம் தண்ணி கூட இருந்த மாதிரி. பிறீசர் ஐஸ் கணக்கைக் கப்போட சேர்த்துச் செய்தா, கையிருப்பு (840 + 50) × 40 = 35,600, ஐஸ் கேக்கிற 18,590 போக மிச்சம் 17,010, பிரிக்கிறது 1,050 + 50 = 1,100ஆல, விடை 15.5. 14.3 எண்டது 15.5 ஆகிட்டுது. ரெண்டு பக்கமும் கப்பைச் சேர்க்கோணும், சில பேர் மேலே சேர்த்திட்டு கீழ விட்டுடுவினம். செம்புக் கலோரிமானி (ஆய்வுகூடத்தில பாவிக்கிற பாத்திரம்) எண்டா கிராமுக்கு 0.39 போல, அலுமினியம் எண்டா 0.9. ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) கப்புக்கு நிறையே இல்லை, அதால அதில செய்யிறதுதான் வீட்டுக்கு நல்லம், கப்பை மறந்தாலும் பிழை இல்லை.

ரெண்டாவது, ஈர ஐஸ். இதை ஆரும் பெரிசா எடுக்கிறதில்லை ஆனா கப்பை விடப் பெரிய கள்ளன் இதுதான். பிறீசரில இருந்து எடுத்து மேசையில வைச்சு, ஆரோ கூப்பிட்டுப் போய் வந்து போட்டீங்கள் எண்டா ஐஸ் பளபளவெண்டு ஈரமா இருக்கும். தராசு 50 கிராம் காட்டும், ஆனா அதில 5 கிராம் ஏற்கெனவே உருகின தண்ணி. அந்த 5 கிராமுக்கு நீங்கள் 334 குடுக்கத் தேவையில்லை, அறைக் காத்து முன்னமே குடுத்திட்டுது. உருக வேண்டியது 45 கிராம்தான், 15,030 யூல். அப்ப மிச்சம் 18,570, விடை 17.7. அஞ்சே அஞ்சு கிராம் ஈரத்தால 16.1 எண்டது 17.7 ஆகுது! அதால ஐஸை ஒற்றுத்தாளில, அது இல்லாட்டி டிஷ்யூவில, ஒவ்வொரு துண்டா ஒத்தி ஒத்திப் போடோணும். கையால பிடிச்சுப் போடாதேங்கோ, இடுக்கியோ கரண்டியோ பாவியுங்கோ. ஆனா ஐஸ் 0 டிகிரியில இருக்கெண்டு எடுத்துச் செய்யிறதெண்டா பிறீசரில இருந்து நேர போடவும் கூடாது, கொஞ்ச நேரம் வெளிய வைச்சு உருகத் தொடங்க விட்டுத்தான் ஒத்தோணும். மேல ஈரம் வந்தா துண்டு முழுக்க 0க்குக் கிட்ட வந்திட்டுது எண்டு அர்த்தம், சின்னத் துண்டா இருந்தா.

மூண்டாவது, எங்கட ஊர்க் காத்து. அறை 30 டிகிரி, ஈரப்பதன் 75 வீதம் எண்டா பனிபடுநிலை 25 டிகிரிக்குக் கிட்ட. அதுக்குக் கீழ குளிர்ந்த எந்தக் கப்பிலயும் வெளிப்பக்கம் வியர்க்கும், முதல்ல மங்கலா ஒரு புகைமாதிரிப் படியும், பிறகு சின்னச் சின்னப் பொட்டா வந்து ஒண்டோட ஒண்டு சேர்ந்து அடிக்கு வழியும். அது சும்மா ஈரமில்லை. நீராவி ஒரு கிராம் தண்ணியாகினா ஏறக்குறைய 2,400 யூலைக் கப்பில தள்ளும், ஒரு கிராம் ஐஸை உருக்கிறதை விட ஏழு மடங்கு. எங்கட 250 கிராம் கணக்கில ஒரே ஒரு கிராம் பனி படிஞ்சா ரெண்டு டிகிரிக்கு மேல விடை ஏறிடும், கணக்கிலயோ அதுக்கு ஒரு வரியும் இல்லை. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பகலில காத்து காய்ஞ்சு போய்க் கிடக்கும், அப்ப இது குறைவு. மாரி தொடங்கி எல்லாம் நசநசவெண்டு இருக்கிற நேரம் செய்து பாத்தா கப் குளிச்ச மாதிரி நிக்கும். ஒரே பிள்ளை ஒரே சாமானோட ஆனியில செய்தா ஒரு விடை கார்த்திகையில செய்தா இன்னொரு விடை எண்டு வாறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்கெல்லாம் மருந்து, 16 டிகிரிக்குப் போகாமலே இருக்கிறது. பிரக்டிக்கலில தண்ணியை அறை வெப்பநிலைக்கு மேல 5 டிகிரியில தொடங்கி கீழ 5 டிகிரியில நிப்பாட்டச் சொல்லுறது ஏனெண்டு இப்ப விளங்கியிருக்கும். முதல் பாதியில கப் அறைக்கு வெப்பத்தை இழக்கும், பிந்தின பாதியில அறையில இருந்து எடுக்கும், ரெண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். பனிபடுநிலைக்குக் கீழயும் போகாது.

வீட்டில செய்யிறதெண்டா இப்பிடிச் செய்யுங்கோ. அறை 30 எண்டு வைப்பம். சில்வர் கப்பை நிறுத்து எழுதுங்கோ, 100 கிராம். அதுக்குள்ள கொஞ்சம் சுடுதண்ணி கலந்து 250 கிராம் தண்ணி, கலக்கிப் பாத்து சரியா 35 வரேக்க எழுதுங்கோ. ஐஸைச் சின்னத் துண்டா உடைச்சு, ஒத்தி, ஒவ்வொண்டாப் போட்டு, ஒரு துண்டு முழுக்கக் கரைஞ்ச பிறகு அடுத்த துண்டு, விடாமக் கலக்கிக்கொண்டே. கலக்கிறதை விட்டா குளிர்ந்த தண்ணி அடிக்குப் போய் நிண்டிடும், வெப்பமானி எங்க நிக்குதோ அந்த இடத்துக் கதையைத்தான் சொல்லும். 25க்கு வந்தோண்ண நிப்பாட்டி, ஆகக் குறைஞ்ச வாசிப்பை எழுதி, கப்போட திரும்ப நிறுக்கோணும். ஐஸை முதல்ல நிறுக்க வேண்டாம், நிறுக்கிற நேரத்துக்குள்ளயே உருகும், கடைசி நிறையில இருந்து முதல் நிறையைக் கழிச்சா போட்ட ஐஸ் வந்திடும். அது 25 கிராம் வந்தது எண்டு வையுங்கோ.

தண்ணியும் கப்பும் குடுத்தது (1,050 + 50) × 10 = 11,000 யூல். உருகின ஐஸ்தண்ணி 0இல இருந்து 25க்கு ஏற எடுத்தது 25 × 4.2 × 25 = 2,625. மிச்சம் 8,375 உருகிறதுக்குப் போனது, 25 கிராமால பிரிச்சா 335. புத்தகத்தில இருக்கிற எண்ணே கையில வந்திட்டுது. ஆனா வெப்பமானியை ஒரே ஒரு டிகிரி பிழையா, 25க்குப் பதிலா 26 எண்டு வாசிச்சிருந்தா? குடுத்தது 9,900, ஐஸ்தண்ணி எடுத்தது 2,730, மிச்சம் 7,170, விடை 287. ஒரு டிகிரிக்கு 48 யூல் போட்டுது. தராசில ஒரு கிராம் பிழைச்சாலும் 17, 18 யூல் ஆட்டும். அதால விடை 310, 350 எண்டு வந்தா மனம் உடையத் தேவையில்லை, காய்ச்சலுக்குப் பாவிக்கிற வெப்பமானியைக் கொண்டு இதைச் செய்யவும் வேண்டாம், அது 35க்குக் கீழ இறங்காது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டா விருந்துக்கும் உதவும். ஒரு லீற்றர் தேசிக்காய்த் தண்ணி, 30 டிகிரியில இருக்கு, 10 டிகிரிக்குக் குளிராக்கோணும், எவ்வளவு ஐஸ்? எடுக்க வேண்டியது 1,000 × 4.2 × 20 = 84,000 யூல். ஒரு கிராம் 0 டிகிரி ஐஸ் உருக 334 எடுக்கும், உருகின பிறகு 10 டிகிரிக்கு ஏற 42 எடுக்கும், மொத்தம் 376. 84,000 ÷ 376 = 223 கிராம். பிறீசரில இருந்து நேர போட்டா இன்னும் 38 கூடும், 414 ஆகும், அப்ப 203 கிராம் காணும். ஆக, ஒரு லீற்றருக்கு 200 கிராமுக்கு மேல தண்ணி கலக்கும், அதுக்கேத்த மாதிரி சீனியும் தேசிக்காயும் முதல்லயே தூக்கலாப் போட்டிடுங்கோ.

மீன் கணக்கு இதைவிடப் பெரிசு. எங்கட கரையில மீன் வியாபாரியிட்ட போய், "அண்ணை, பத்துக் கிலோ மீனுக்கு எவ்வளவு ஐஸ் போடுவீங்க?" எண்டு கேட்டா, யோசிக்காமச் சொல்லுவார், "தம்பி, மீனும் ஐஸும் சரிக்குச் சரி." கணக்குப் படிச்ச பிள்ளை இதைக் கேட்டா கூடிப்போச்செண்டு நினைக்கும். மீனில பெரும்பகுதி தண்ணிதான், தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு 3.6 யூல் போல வரும். 10 கிலோ மீனை 30 டிகிரியில இருந்து 0க்குக் கொண்டுவர 10,000 × 3.6 × 30 = 10,80,000 யூல், 334ஆல பிரிச்சா 3.2 கிலோ ஐஸ் தான். அவர் 10 கிலோ போடுறார்.

ஆனா மீனைக் குளிராக்கிறதோட வேலை முடியேல்லை, கொழும்புக்குப் போய்ச் சேரும்வரைக்கும் பெட்டி வெளி வெக்கையோட சண்டை பிடிக்கோணும். ரிஜிபோமின்ர வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பத்தை எவ்வளவு கடத்தும் எண்ட எண், 0.035 போல. பெட்டியின்ர மொத்தப் பரப்பு ஒரு சதுர மீற்றர், சுவர் 2.5 செண்டிமீற்றர், வெளிய 30 உள்ள 0 எண்டா, 0.035 × 1 × 30 ÷ 0.025 = 42 வாற்று. செக்கனுக்கு 42 யூல் சும்மா உள்ள வருது. ஒரு மணித்தியாலத்துக்கு 1,51,200 யூல், அது 450 கிராம் ஐஸை உருக்கும். லொறி ஏழு மணித்தியாலம் ஓடினா 3.2 கிலோ ஐஸ் சுவராலயே போகும், மீன் எடுத்த அளவு திரும்ப ஒருக்கா! ரெண்டையும் கூட்டினா 6.4. மூடி திறந்து மூடுறது, கடலில இருந்து கரைக்கு வந்து ஏலம் முடியும்வரைக்கும் வெயில்ல நிண்டது, லொறிக்குள்ள 30 இல்லை 38 எண்டு கிடக்கிறது, உடைச்ச ஐஸ் போடேக்கயே ஈரமா இருக்கிறது, இதெல்லாம் சேர்த்தா 10 கிலோ அதிகமில்லை.

சுவர் 5 செண்டிமீற்றர் தடிப்பான பெட்டி எண்டா அந்த 42 வாற்று 21 ஆகிடும், ஏழு மணித்தியாலத்துக்கு 1.6 கிலோவோட முடியும். அதே பெட்டியில 20 கிலோ மீன் வைச்சா சுவரால போற ஐஸ் கூடாது, மீனுக்குரிய 3.2 மட்டும் 6.4 ஆகும். அதால ரெண்டு அரைவாசிப் பெட்டி அனுப்பிறதை விட ஒரு நிறைஞ்ச பெட்டி அனுப்பிறதுதான் ஐஸுக்கு லாபம்.